பட்டறையில் ரொகிள் கிளாம்ப்: தெரிவும் பயன்பாடும்

இந்தப் பாடம் யாருக்கு?

சண்டிலிப்பாய் பிரதேச செயலர் பிரிவில் தச்சு வேலை, கதவு யன்னல் செய்தல், இரும்பு வெல்டிங் போன்ற தொழில்களை மீண்டும் தொடங்கியிருப்பவர்களுக்காக இந்தப் பாடம் எழுதப்பட்டுள்ளது. வாழ்வாதார உதவியாகப் பட்டறைக் கருவிகள் கேட்டு விண்ணப்பிக்க எண்ணியிருப்பவர்களும், பட்டறையில் பழகுநராகச் சேர்ந்திருக்கும் இளைஞர்களும் யுவதிகளும் இதனைப் படிக்கலாம். இயந்திரப் படிப்பு எதுவும் தேவையில்லை. நெம்புகோல் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பாடசாலை விஞ்ஞானத்தில் படித்த அளவு போதும்.

எமது பகுதியின் நிலையை நீங்கள் அறிவீர்கள். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது பட்டறைகளைப் பூட்டிவிட்டுப் போனவர்கள் பலர். மாதகல் கரையோரத்தின் சில பகுதிகளுக்குப் போர் முடிந்த 2009 ஆம் ஆண்டுக்குப் பின்னரே மக்கள் திரும்ப முடிந்தது. திரும்பியவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது வீடு. 2012 ஒக்ரோபர் 2 இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா தவணைகளாக வழங்கப்பட்டு, பயனாளிகளே தமது வீட்டைக் கட்டும் முறை பின்பற்றப்பட்டது. வீடு கட்டினால் கதவு வேண்டும், நிலை வேண்டும், யன்னல் வேண்டும். தச்சருக்கு வேலை அங்கேதான் இருக்கிறது.

பட்டறை தொடங்குபவர்கள் எழுதும் கருவிப் பட்டியலில் டிறில் மெசின் இருக்கும், வாள் மெசின் இருக்கும், சீவுளி இருக்கும். ஆனால் வேலைத்துண்டைப் பிடித்து வைக்கும் கருவி அநேகமாக இருக்காது. "அதுக்கென்ன, கையால பிடிக்கலாம்தானே?" என்பதே வழக்கமான பதில். இந்தப் பாடம் அந்தப் பதிலைப் பற்றியது.

கையால் பிடித்தால் என்ன நடக்கும்?

மேசை டிறில் மெசினில் ஒரு சட்டத்தை வைத்து இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு துளை போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். துளை பாதி இறங்கும் வரை எல்லாம் சரியாகவே போகும். துளைக்கும் அலகு மரத்தின் அடிப்பக்கத்தை உடைத்துக்கொண்டு வெளியே வரும் கணத்தில்தான் ஆபத்து. அப்போது அலகின் விளிம்பு மரத்தைக் கொளுவி இழுக்கும். சட்டம் அலகோடு சேர்ந்து சுழலும். மோட்டாரின் பலத்துக்கு ஒரு மனிதக் கை ஈடாகாது. சட்டத்தின் நுனி விரலில் அடிக்கும், வயிற்றில் அடிக்கும், அல்லது கை அலகின் பக்கமாக இழுபடும். இரும்புத் தகடாக இருந்தால் அது சுழலும் கத்திதான்.

கைப்பிடியால் வரும் இரண்டாவது நட்டம் வேலையின் தரத்தில். ஒரு சட்டத்தில் துளை 2 மில்லிமீற்றர் இடம்மாறும், அடுத்ததில் 3 மில்லிமீற்றர் இடம்மாறும். யன்னல் கம்பி நேராக நிற்காது. பிணைச்சல் பொருந்தாது. வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினால் மரத்தின் விலையும் உங்களதே, கூலியும் உங்களதே.

ரொகிள் கிளாம்ப் என்றால் என்ன?

ரொகிள் கிளாம்ப் ஒரு சிறிய இறுக்கி. ஒரு கைப்பிடி, ஒரு கரம், இரண்டையும் தொடுக்கும் இணைப்புத் தகடுகள், கீழே ஒரு அடித்தகடு ஆகியவை அதன் பாகங்கள். கரத்தின் நுனியில் இறப்பர் தொப்பி போட்ட ஒரு திருகுக்கம்பி இருக்கும். கைப்பிடியை ஒரு தடவை தள்ளினால் கரம் இறங்கி வேலைத்துண்டை அழுத்திப் பூட்டிக்கொள்ளும். திரும்ப இழுத்தால் விடுபடும். ஜீ கிளாம்ப்பைப்போலத் திருகித் திருகி இறுக்க வேண்டியதில்லை. ஒரு விநாடியில் இறுக்கலாம், ஒரு விநாடியில் கழற்றலாம்.

ஐக்கிய அமெரிக்காவின் டிற்றொயிற் நகரில் இயங்கிய உலோகத்தகட்டு நிறுவனம் ஒன்று 1936 இல் இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரே உருப்படியை நூற்றுக்கணக்கில் செய்யும் தொழிற்சாலைகளில் பரவிய பின் இது சிறு பட்டறைகளுக்கும் வந்தது. இதற்கு மின்சாரம் தேவையில்லை.

இது பூட்டிக்கொள்ளும் விதத்தை உங்கள் உடம்பிலேயே பார்க்கலாம். முழங்காலைச் சற்று மடித்து நின்றால் சில நிமிடங்களில் தொடை வலிக்கும். முழங்காலை நேராக்கி நின்றால் நெடுநேரம் நிற்கலாம். எலும்புகள் ஒரே கோட்டுக்கு வந்துவிட்டதால் பாரம் தசையை விட்டு எலும்பில் இறங்கிவிடுகிறது. ரொகிள் கிளாம்ப்பின் இணைப்புத் தகடுகளும் அப்படியே ஒரே கோட்டுக்கு வருகின்றன. பின்னர் அந்த நடுக்கோட்டைச் சற்றே தாண்டி ஒரு தடுப்பில் முட்டி நிற்கின்றன. அதன் பிறகு வேலைத்துண்டு கரத்தை மேலே தள்ளினாலும், அந்தத் தள்ளல் பூட்டை மேலும் இறுக்குமே தவிரத் திறக்காது. பக்கக் கொழுக்கி போட்டு மூடும் எவர்சில்வர் சாப்பாட்டுப் பெட்டியைப் பாருங்கள். கொழுக்கியை அழுத்தும்போது ஓரிடத்தில் இறுக்கமாக இருந்து, பிறகு "டக்" என்று விழும். நடுக்கோட்டைத் தாண்டுவது என்பது அதுதான்.

அந்த "டக்" உங்கள் கைக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கிளாம்ப் பூட்டவில்லை.

நான்கு வகைகள்

கடையில் பல வடிவங்களைக் காண்பீர்கள். அடிப்படையில் அவற்றை நான்காகப் பிரிக்கலாம். பெயரைவிட, எந்தத் திசையில் அழுத்துகிறது, பூட்டிய பின் கைப்பிடி எங்கே நிற்கிறது என்ற இரண்டையும் பாருங்கள்.

1. படுத்த கைப்பிடி வகை. மேலிருந்து கீழே அழுத்தும். பூட்டியபோது கைப்பிடி கிடையாகப் படுத்திருக்கும். உயரம் குறைவு என்பதால் டிறில் மெசினின் தலைக்குக் கீழே வைக்க ஏற்றது. தச்சுப் பட்டறைக்கு முதலில் வாங்க வேண்டியது இதுவே.

2. நின்ற கைப்பிடி வகை. இதுவும் மேலிருந்து கீழே அழுத்தும். பூட்டியபோது கைப்பிடி நிமிர்ந்து நிற்கும். பக்கத்தில் இடம் குறைவான, மேலே இடம் தாராளமான வேலைக்குப் பொருத்தம். யன்னல் கிறில் வெல்டிங் மேசையில் இது வசதி.

3. தள்ளி இழுக்கும் வகை. ஒரு தண்டு நேர்கோட்டில் முன்னே போய்ப் பக்கவாட்டில் அழுத்தும். சட்டத்தை ஒரு தடுப்புக்கட்டையோடு சேர்த்துத் தள்ளி வைக்க உதவும்.

4. கொழுக்கி வகை. இரண்டு பாகங்களை ஒன்றோடொன்று இழுத்துப் பூட்டும். பெட்டி மூடி, அச்சுப் பெட்டி போன்றவற்றுக்கு உரியது. துளை போடும் வேலைக்கு இதை வாங்க வேண்டாம்.

காற்றழுத்தத்தால் இயங்கும் வகையும் உண்டு. அதற்குக் கொம்பிரசர் தேவை. தொடக்க நிலைப் பட்டறைக்கு அது அவசியமில்லை.

பெட்டியில் எழுதியிருக்கும் கிலோகிராம்

கிளாம்ப் பெட்டியில் "90 கிலோகிராம்" என்றோ "227 கிலோகிராம்" என்றோ போட்டிருக்கும். 201-பி என்ற இலக்கத்தில் பரவலாக விற்பனையாகும் படுத்த கைப்பிடிக் கிளாம்ப்பில் 90 கிலோகிராம் என்று இருக்கும். இந்த எண்ணைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். மூன்று விடயங்களை நினைவில் வையுங்கள்.

முதலாவது, அது கிளாம்ப் அழுத்தும் விசை அல்ல. பூட்டிய நிலையில், வளைந்து கெடாமல் எவ்வளவு எதிர்விசையைத் தாங்கும் என்பதே அந்த எண். கிளாம்ப் உண்மையில் வேலைத்துண்டை அழுத்தும் விசை அதைவிடக் குறைவு.

இரண்டாவது, அந்த எண் கரத்தின் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கரத்தின் சுழலாணிக்கு அருகே தாங்கும் அளவை நுனியில் தாங்காது. இது நெம்புகோல் கணக்கு. சுழலாணியிலிருந்து 30 மில்லிமீற்றர் தூரத்தில் 90 கிலோகிராம் தாங்கும் கரம், 60 மில்லிமீற்றர் தூரத்தில் 45 கிலோகிராமும் 90 மில்லிமீற்றர் தூரத்தில் 30 கிலோகிராமுமே தாங்கும். "எட்டவில்லை" என்று கரத்தை இரும்புத் துண்டு வைத்து நீட்டிக்கொள்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். எட்டாவிட்டால் கரத்தை நீட்டாதீர்கள். கிளாம்ப்பை நகர்த்திப் பூட்டுங்கள்.

மூன்றாவதே மிக முக்கியம். மேலிருந்து அழுத்தும் கிளாம்ப், மேலே எழும்பும் விசையைத்தான் தாங்கும். பக்கவாட்டில் வரும் விசையை அது உராய்வினால் மட்டுமே தடுக்கிறது. மரத்துக்கும் மரத்துக்கும் இடையிலான உராய்வு, அழுத்தும் விசையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான். 45 கிலோகிராம் விசையோடு அழுத்தினாலும், பக்கவாட்டில் சுமார் 15 கிலோகிராம் தள்ளினாலே துண்டு நகரத் தொடங்கலாம். டிறில் அலகு கொளுவினால் இதைவிடப் பலமாகத் தள்ளக்கூடும்.

ஆகவே இந்தப் பாடத்தின் முதல் விதி:

பக்கவாட்டு விசையைத் தடுப்புக்கட்டை தாங்கட்டும். மேல்நோக்கிய விசையைக் கிளாம்ப் தாங்கட்டும். கை எதையும் தாங்க வேண்டாம்.

தடுப்புக்கட்டை இல்லாமல் எவ்வளவு பெரிய கிளாம்ப் வாங்கினாலும் பயன் குறைவு. சரியான இடத்தில் தடுப்புக்கட்டை இருந்தால் சிறிய கிளாம்ப்பே போதும். பணம் குறைவாக உள்ளவர்களுக்கு இது நல்ல செய்தி.

கடையில் பார்க்க வேண்டியவை

யாழ் நகரின் இரும்புக் கடைகளில் கேட்டு வாங்கலாம். ஒரே தோற்றத்தில் நல்லதும் மலிவானதும் கலந்திருக்கும். வாங்குமுன் கையில் எடுத்துப் பின்வருமாறு சோதியுங்கள்.

• பத்துத் தடவை திறந்து மூடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் "டக்" என்று பூட்ட வேண்டும்.

• மூடிய நிலையில் கரத்தின் நுனியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். சற்று அசைவு எல்லாவற்றிலும் இருக்கும். தளதளவென்று ஆடினால் வேண்டாம்.

• திருகுக்கம்பியில் இரண்டு நட்டுகள் உள்ளனவா என்று பாருங்கள். ஒன்று கரத்துக்கு மேலும் மற்றது கீழும் இருந்து கம்பியை நகராமல் பிடிக்கும்.

• இறப்பர் தொப்பி இழுத்தவுடன் கழன்று வரக்கூடாது. மேலதிகத் தொப்பி விற்கிறார்களா என்று கேளுங்கள்.

• அடித்தகட்டின் துளைகள் உங்களிடமுள்ள போல்ட்டுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்.

• நாகப்பூச்சு உரிந்து துருப்பிடித்திருந்தால், விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.

எத்தனை வாங்குவது? தொடக்கத்துக்கு ஒரே அளவில் நான்கு போதும். வெவ்வேறு அளவில் பத்து வாங்குவதைவிட, ஒரே அளவில் நான்கு வாங்கினால் ஒரு ஜிக்கிலிருந்து கழற்றி இன்னொன்றில் பூட்டலாம். உதவி விண்ணப்பத்தில் எழுதும்போது "கிளாம்ப்" என்று மட்டும் எழுதாதீர்கள். "படுத்த கைப்பிடி ரொகிள் கிளாம்ப், 90 கிலோகிராம், 4" என்று முழுமையாக எழுதுங்கள். இல்லாவிட்டால் ஜீ கிளாம்ப் வந்து சேரக்கூடும்.

செய்முறை: யன்னல் கம்பித் துளை ஜிக்

ஜிக் என்பது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப ஒரே அளவில் செய்வதற்காக வேலைத்துண்டை இருத்தி வைக்கும் பலகை. எமது ஊர் யன்னல்களில் கம்பி போடுவது வழக்கம். மேல் சட்டத்திலும் கீழ்ச் சட்டத்திலும் துளைகள் நேருக்கு நேர் வர வேண்டும். அதற்கான ஜிக்கை இங்கே செய்து பழகுவோம். சட்டத்தின் அகலம் 75 மில்லிமீற்றர், தடிப்பு 50 மில்லிமீற்றர், கம்பி 12 மில்லிமீற்றர், துளைகளின் இடைவெளி 100 மில்லிமீற்றர் என்று எடுத்துக்கொள்வோம். உங்கள் அளவு வேறாயின் எண்களை மாற்றுங்கள். முறை அதுவேதான்.

படி 1. 18 மில்லிமீற்றர் பிளைவூட்டில் 600 × 300 மில்லிமீற்றர் அளவில் ஒரு துண்டு வெட்டுங்கள். இதுவே அடிப்பலகை. இதை டிறில் மெசினின் மேசையில் போல்ட் போட்டு அசையாமல் பூட்டுங்கள்.

படி 2. அடிப்பலகையின் நீளவாக்கில், பின்பக்கமாக, ஒரு நேரான தடுப்புச் சட்டத்தைப் பொருத்துங்கள். வேலைத்துண்டின் நடுக்கோடு அலகுக்கு நேர்கீழே வரும்படி அதன் இடத்தை அளந்து பொருத்த வேண்டும்.

படி 3. அலகுக்கு வலப்புறம், முன்பக்கமாக, ஒரு சிறு தடுப்புக்கட்டையைப் பொருத்துங்கள். வேலைத்துண்டு பின் தடுப்புக்கும் இந்தக் கட்டைக்கும் இடையில் இறுக்கமின்றி நழுவிப் போக வேண்டும். வலப்புறம் ஏன்? மேலிருந்து பார்த்தால் டிறில் அலகு மணிக்கூட்டு முள்ளின் திசையில் சுழல்கிறது. வேலைத்துண்டும் அதே திசையில் சுழலப் பார்க்கும். அப்போது அதன் இடப்பக்கம் பின்னே போய்ப் பின் தடுப்பில் முட்டும். வலப்பக்கம் உங்களை நோக்கி வரும். அதை முன் கட்டை நிறுத்தும்.

படி 4. அலகின் மையத்திலிருந்து சரியாக 100 மில்லிமீற்றர் இடப்புறத்தில், அதே கோட்டில், அடிப்பலகையில் ஒரு 12 மில்லிமீற்றர் துளை போடுங்கள். அதற்குள் இறங்கும் ஒரு கம்பித் துண்டைக் கழற்றக்கூடிய ஊசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5. பின் தடுப்புக்குப் பின்னால், அலகின் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு கிளாம்ப் பொருத்துங்கள். கிளாம்ப்பின் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்த வேண்டியிருக்கும். பூட்டிய நிலையில் கரம் வேலைத்துண்டுக்குச் சமாந்தரமாகவும், திருகுக்கம்பி செங்குத்தாகவும் நிற்கும் உயரமே சரியான உயரம். மரத்திருகாணி போடாதீர்கள், நாளடைவில் அது பிடுங்கிக்கொண்டு வரும். பலகையை ஊடுருவும் போல்ட் போட்டு, அடியில் அகலமான வொஷர் வைத்து நட் இறுக்குங்கள். போல்ட் தலையும் நட்டும் மேசையில் முட்டாதபடி அடிப்பக்கத்தில் குழி எடுக்க வேண்டும்.

படி 6. கைப்பிடிகளைத் திறந்து மூடிப் பாருங்கள். எந்த நிலையிலும் கைப்பிடியோ கரமோ அலகின் பாதையில் வரக்கூடாது. மெசினை நிறுத்தி வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

பயன்படுத்தும் முறை இது. வேலைத்துண்டின் இட நுனியை முதல் துளைக்குரிய அடையாளத்தில் வைத்து, இரண்டு கிளாம்ப்பையும் பூட்டி, துளை போடுங்கள். மெசினை நிறுத்துங்கள். கிளாம்ப்பைத் திறந்து சட்டத்தை இடப்பக்கம் நகர்த்தி, போட்ட துளையினூடாக ஊசியை அடிப்பலகைத் துளைக்குள் இறக்குங்கள். மீண்டும் பூட்டி அடுத்த துளையைப் போடுங்கள். ஒவ்வொரு துளையும் முன் துளையிலிருந்து 100 மில்லிமீற்றரில் விழும்.

"ஊசியின் இடம் அரை மில்லிமீற்றர் பிழைத்திருந்தால்?" என்று கேட்பீர்கள். பிழை எல்லா இடைவெளியிலும் ஒரேயளவாக இருக்கும். மேல் சட்டத்திலும் கீழ்ச் சட்டத்திலும் அதே பிழை அதே இடத்தில் வரும். ஆகையால் கம்பி நேராகவே நிற்கும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: இரண்டு சட்டங்களிலும் ஒரே நுனியிலிருந்து தொடங்க வேண்டும். அந்த நுனியில் பென்சிலால் ஓர் அடையாளம் இடுங்கள்.

இறுக்கத்தைச் சரிசெய்தல்

கிளாம்ப் கெட்டுப்போவதும் வேலைத்துண்டு நழுவுவதும் பெரும்பாலும் திருகுக்கம்பியைச் சரியாக வைக்காததால்தான்.

கைப்பிடி பூட்டும் நிலைக்கு வருவதற்குச் சற்று முன்னரே இறப்பர் தொப்பி மரத்தைத் தொட வேண்டும். அதன் பிறகு கையால் அழுத்தும்போது இறப்பர் சற்று நசிந்து, "டக்" என்று பூட்ட வேண்டும். பூட்டுவதற்கு இரண்டு கையும் உடம்புப் பாரமும் தேவைப்பட்டால் இறுக்கம் கூடிவிட்டது. கொட்டாப்புளியால் தட்டிப் பூட்டுவது கிளாம்ப்பின் கரத்தை வளைத்துவிடும். ஒரு விரலால் தள்ளியே பூட்டினால் இறுக்கம் போதாது.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பழைய கொப்பித் தாளில் ஒரு கீற்றுக் கிழித்துத் தொப்பிக்கும் மரத்துக்கும் இடையில் வைத்துப் பூட்டுங்கள். தாளை இழுங்கள். தாள் கிழிந்தால் இறுக்கம் போதுமானது. முழுதாக நழுவி வந்தால் திருகுக்கம்பியை அரைச் சுற்று இறக்குங்கள். சரிவந்த பின் இரண்டு நட்டுகளையும் இறுக்க மறக்காதீர்கள். மெசினின் அதிர்வில் தளர்வது இந்த நட்டுகள்தான்.

ரொகிள் கிளாம்ப் ஒரு குறிப்பிட்ட தடிப்புக்கே இறுக்கம் கொடுக்கும். மரக்காலையிலிருந்து வரும் வேப்பஞ்சட்டங்களின் தடிப்பு ஒரே அளவில் இருப்பதில்லை. 50 மில்லிமீற்றர் சட்டத்துக்குச் சரிசெய்த கிளாம்ப், 48 மில்லிமீற்றர் சட்டத்தில் பூட்டும் ஆனால் பிடிக்காது. "டக்" என்று சத்தமும் கேட்கும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். ஆகவே முதலில் எல்லாச் சட்டங்களையும் ஒரே தடிப்புக்குச் சீவுங்கள். பிறகு துளை போடுங்கள். பூட்டியவுடன் ஒவ்வொரு தடவையும் வேலைத்துண்டைக் கையால் அசைத்துப் பார்த்த பின்னரே மெசினைப் போடுங்கள்.

எதற்குப் பயன்படுத்தக்கூடாது?

பொளி கழுந்து மூட்டுக்குப் பசை போட்டு இறுக்க இது ஏற்றதல்ல. அதற்கு நீளமான சட்டக் கிளாம்ப் தேவை. பாரம் தூக்கவோ தொங்கவிடவோ ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். ஒரேயொரு துண்டு மட்டும் செய்யும் வேலைக்கு ஜிக் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஜீ கிளாம்ப் போதும். ஒரே வேலை பத்துத் தடவைக்கு மேல் வரும்போதுதான் ஜிக்குக்குச் செலவிட்ட நேரம் உங்களுக்குத் திரும்பிக் கிடைக்கும்.

வெல்டிங் மேசையில் பயன்படுத்தும்போது இறப்பர் தொப்பியைக் கழற்றுங்கள். அது உருகும். நுனியில் செப்பு அல்லது பித்தளைத் துண்டு பொருத்தினால் தீப்பொறித் துளிகள் எளிதில் ஒட்டாது. ஒட்டும் இடத்திலிருந்து இணைப்பு ஆணிகள் தள்ளியிருக்கட்டும். அவற்றில் துளி விழுந்து உறைந்தால் கிளாம்ப் அசையாது.

ஒரு கையால் வேலை செய்பவர்களுக்கு

போரினாலோ விபத்தினாலோ ஒரு கையை அல்லது விரல்களை இழந்தவர்கள், கையில் பலம் குறைந்தவர்கள் பலர் எமது பகுதியில் இருக்கிறார்கள். அவர்களில் முன்பு தச்சு வேலை செய்தவர்களும் உள்ளனர். "இனி இந்தத் தொழில் சரிவராது" என்று அவர்களே முடிவுகட்டிவிடுவதுண்டு. ஒரு கை பிடிக்க, ஒரு கை வேலை செய்ய என்று பழகிய தொழில் அது.

ஜிக்கும் கிளாம்ப்பும் உள்ள பட்டறையில் பிடிக்கும் கை தேவையில்லை. சட்டத்தை வைப்பது, பூட்டுவது, டிறில் நெம்பை இறக்குவது ஆகிய மூன்றையும் ஒரே கையால் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யலாம். சில மாற்றங்கள் உதவும். பலமுள்ள கையின் பக்கமாகக் கைப்பிடிகள் திரும்பியிருக்கும்படி கிளாம்ப்பைப் பொருத்துங்கள். கைப்பிடிக்கு மேல் ஒரு துண்டு இறப்பர்க் குழாயை மாட்டினால், விரல்கள் இல்லாதவரும் உள்ளங்கையால் தள்ளலாம். தள்ளி இழுக்கும் வகை ஒன்று சேர்த்தால், சட்டத்தைத் தடுப்போடு அணைத்து வைக்க இன்னொருவரைக் கூப்பிட வேண்டியதில்லை. செயற்கைக் கை பொருத்தியிருப்பவர்கள் அதைச் சுழலும் அலகுக்கு அருகே கொண்டுபோக வேண்டாம். அதன் பட்டிகள் சிக்கினால் உடம்பையும் சேர்த்து இழுக்கும்.

பட்டறை உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: இப்படிப்பட்டவர் உங்களிடம் வேலை கேட்டு வந்தால், கையைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். ஜிக் பொருத்திய மெசினில் ஒரு நாள் வேலை கொடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பராமரிப்பு

எமது குடாநாட்டில் கடற்காற்று எங்கும் வரும். மாதகல் பக்கம் இன்னும் கூட. நாகப்பூச்சு இருந்தாலும் ஆணி மூட்டுகளில் துரு பிடிக்கும். வாரத்தில் ஒரு நாள் மரத்தூளைத் துடைத்து, ஒவ்வொரு ஆணியிலும் ஒரு துளி தையல் மெசின் எண்ணெய் விடுங்கள். அதிகம் விட்டால் மரத்தூள் ஒட்டிக் கட்டியாகும். இறப்பர் தொப்பியில் எண்ணெய் பட்டால் உடனே துடையுங்கள். எண்ணெய் பட்ட இறப்பர் வழுக்கும், ஊறிப்போகும். வெடித்த தொப்பியை மாற்றுங்கள். கரம் வளைந்த கிளாம்ப்பை அடித்து நிமிர்த்த வேண்டாம். அது இனி ஒரே அளவில் பிடிக்காது.

விபத்து நேர்ந்தால்

கிளாம்ப் கூட விரலை நசிக்கும். மூடும்போது கரத்துக்கும் மரத்துக்கும் இடையிலோ, கைப்பிடிக்கும் அடித்தகட்டுக்கும் இடையிலோ விரல் இருக்கக்கூடாது. ஒருவர் பூட்ட இன்னொருவர் பிடிப்பது கூடாது. பூட்டுபவரே வேலைத்துண்டை வைக்க வேண்டும்.

காயம் பட்டால் முதலில் மெசினை நிறுத்துங்கள். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைத்திருங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். விரல் துண்டிக்கப்பட்டிருந்தால் அந்தத் துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பாத்திரத்தில் வைத்து நோயாளியோடு கொடுத்தனுப்புங்கள். ஐஸ் துண்டோடு நேரடியாகப் படக்கூடாது.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

உங்கள் பட்டறையில் டிறில் மெசினுக்கு முன்னால் நின்று, மெசினைப் போடாமல், இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

1. அலகு கொளுவினால் வேலைத்துண்டு எந்தப் பக்கம் போகும்? அங்கே தடுப்புக்கட்டை இருக்கிறதா?

2. அலகை மேலே எடுக்கும்போது துண்டு எழும்பாமல் எது பிடிக்கிறது?

3. கிளாம்ப் பூட்டியபோது "டக்" தெரிந்ததா? தாள்க்கீற்றுக் கிழிந்ததா?

4. கைப்பிடியும் கரமும் அலகின் பாதைக்கு வெளியே உள்ளனவா?

5. இப்போது உங்கள் இடக்கை எங்கே இருக்கிறது?

ஐந்தாவது கேள்விக்கு "சட்டத்தின் மேல்" என்பது பதிலானால், மெசினைப் போட வேண்டாம். பாடத்தின் முதல் விதிக்குத் திரும்பிச் செல்லுங்கள். "சும்மா இருக்கிறது" என்பது பதிலானால், வேலையைத் தொடங்கலாம்.